ஒரு வாரம் வசந்தா, ஒரு வாரம் மல்லிகா

எங்கள் சமூக சேவை நிலையத்துப் பிள்ளைகள் இனி வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று சென்ற மாதம் முடிவாகிவிட்டது. அங்கிருந்து வரும் பணம் இனி ஒரு பிள்ளையின் பெயருக்கு வராது, ஊர் முழுவதற்கும் பொதுவாக வரும். கடிதப் பிரிவை மூடிவிட்டார்கள். அதில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்த நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள், "அந்தக் காலத்துல எப்படிக்கா செஞ்சீங்க, ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் சரி என்றேன்.

நான் பதினோராம் வகுப்புவரை படித்தவள். எழுபதுகளின் நடுவில், உத்திரமேரூரில் ஒரு வாடகை வீட்டில் இந்த நிலையம் நடந்துகொண்டிருந்தபோது சேர்ந்தேன். சுற்றியிருந்த நாலு சிற்றூர்களில் நிலையம் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தியது. அவற்றில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் புத்தகம், துணி, மாதா மாதம் வீட்டுக்குக் கோதுமை ரவை, எண்ணெய் எல்லாம் வெளிநாட்டுப் பள்ளிகளின் தயவில் கிடைத்தன. அங்கே ஒரு பள்ளி, இங்கே ஒரு பிள்ளை. அங்கிருக்கும் மாணவர்கள் கேக் செய்து விற்பார்கள், கார் கழுவுவார்கள், நாடகம் போடுவார்கள். கனடாவில் ஒரு பள்ளியில் மட்டும் நடப்பார்கள். நடந்தால் எப்படிப் பணம் வரும் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒரு பையன் இத்தனை மைல் நடந்தால் மைலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று அவன் மாமனோ அடுத்த வீட்டுக்காரரோ ஒப்புக்கொள்வாராம். பனி விழத் தொடங்கும் முன்பு ஒரு சனிக்கிழமை பள்ளி முழுவதும் நடக்குமாம். இதை நான் எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தி, "நாங்க தெனம் நடக்கறமே, எங்களுக்கு யார் குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

முதல் ஆறு மாதம் கவர் மேல் விலாசம் எழுதினேன், பிள்ளைக்கு ஒன்றாகப் படமும் விவரமும் ஒட்டிய மடிப்பு அட்டைகளை எண் வரிசையில் அடுக்கினேன். வேறு பயிற்சி கிடையாது. வேலையைக் கற்றுக்கொண்டது சபாபதி சாரைப் பார்த்துத்தான்.

சபாபதி சார் எங்கள் சூப்பரின்டெண்ட். காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ளும்வரை பேசமாட்டார். வெளிநாட்டுக் கவரைக் கையால் கிழிக்க விடமாட்டார். பிளேடு வைத்து ஓரத்தை அறுத்து, கவரையும் கடிதத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, வந்த தேதி எழுதி வைக்க வேண்டும். ஸ்டாம்பைக் கேட்டு யாராவது வந்தால், "அது குழந்தைக்கு வந்தது" என்பார். எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "உக்காருங்க" என்பார். பிள்ளை திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை, தை அறுவடை முடிந்ததும் படம் பிடிப்போம். கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு எங்களோடு வருவார். துணியைப் பள்ளிச் சுவரில் கட்டுவோம். பிள்ளை தலை வாரி, பாதம் தெரிய நிற்க வேண்டும். எண் எழுதிய சிலேட்டை மார்பில் பிடித்துக்கொள்ள வேண்டும், முகவாயை மறைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பிலிம்தான். கண்ணை மூடிவிட்டால் மூடியதுதான். படம் பிடிக்கும் நாள் என்று தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பவுடரை அப்பி அனுப்புவார்கள். வெள்ளைத் துணிக்கு முன்னால் வெள்ளை முகமாக எல்லாம் ஒரே மாதிரி நிற்கும்.

கடிதம் வருஷத்துக்கு மூன்று. நான் ஊருக்குப் போய் பலகையில் மாதிரி எழுதுவேன். மழை வெயில் பற்றி ஒரு வரி, பாடம் பற்றி ஒரு வரி, நன்றி ஒரு வரி. எதையும் கேட்டு எழுதக் கூடாது. சாவு, சண்டை, கடன் எழுதக் கூடாது. இவற்றோடு ஒரு வரி பிள்ளை தானாகச் சொல்லி எழுத வேண்டும் என்பது சார் வைத்த விதி. அந்த ஒரு வரியை வாங்குவதற்குள் எனக்கு அரை நாள் போய்விடும். "எங்க ஆடு குட்டி போட்டுச்சி" என்று ஒன்று சொன்னால் மீதி எல்லார் வீட்டு ஆடும் அன்றைக்கே குட்டி போடும். பிறகு கீழே ஒரு படம் வரையச் சொல்வோம். இதெல்லாம் ஆங்கிலமாகி, தமிழ்த் தாளோடு சேர்ந்து போகும். சின்னச் சின்ன வாக்கியங்கள், என் ஆங்கிலத்துக்கு அது போதும். அங்கிருந்து எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலமும் எனக்கு ஏற்றதாகவே இருந்தது.

கனடாப் பள்ளிக்குக் கிடைத்த பிள்ளை வசந்தா. மருதம் கிராமத்துக்குப் போகும் வழியில், ஏரிக்குக் கீழே இருந்த சிற்றூரில் அவள் வீடு. அப்பா ஏழுமலை அந்த ஏரியின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து, எந்த நிலத்துக்கு எத்தனை நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. வசந்தாவின் கடிதங்களில் படங்கள் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் ஏரிக்கு வரும் நாரை, கொக்கு, நீர்க்காகம். நாரை ஒற்றைக் காலில் நின்றால் மற்ற கால் எங்கே மடங்கும் என்பதுவரை சரியாக வரைந்திருக்கும். சில கடிதங்களில் மட்டும் படம் சுமாராக இருக்கும், ஒரு பூ, ஒரு குடம். பிள்ளைக்கு அன்றைக்கு மனசு இல்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வருஷப் படம் போய்ச் சேர்ந்த பிறகு கனடாவிலிருந்து லிண்டா என்ற ஒன்பது வயதுப் பெண் எழுதியிருந்தாள். அவள் வகுப்புச் சுவரில் வசந்தாவின் மூன்று படங்களையும் வரிசையாக ஒட்டியிருக்கிறார்களாம். "முதல் படத்தில் உன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டாவது படத்தில் இல்லை. மூன்றாவதில் மறுபடி இருக்கிறது. எங்கள் டீச்சர் படத்தின் கோளாறு என்கிறார். நான் இல்லை என்கிறேன். நீ சொல்."

அட்டையை எடுத்துப் பார்த்தேன். குழந்தை சொன்னது சரி. தழும்பு மட்டுமா, காதும் வேறு, நெற்றியும் வேறு. நடுப்படத்தில் இருந்தவள் ஒரு சாண் குள்ளமாகவும் இருந்தாள். மூன்று வருஷமும் அந்த வெள்ளைத் துணியின் பக்கத்தில் நின்று சிலேட்டை நேராக்கிக் கொடுத்தவள் நான்தான்.

சாரிடம் சொல்லாமல் மறுநாள் பஸ் ஏறினேன். வசந்தாவின் அம்மா சின்னப்பொண்ணு வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

"வாங்கம்மா. இன்னா, திடீர்னு? படம் புடிக்கவா?"

"இல்ல. வசந்தா எங்க?"

"இஸ்கோலுக்குப் போய்கீது. இந்த வாரம் அத்தோட முறை."

"முறைன்னா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாமலா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாய் என்பது இருந்தது. "ஏரித் தண்ணி முறைதாம்மா. அவுரு மேல் கயனிக்கு நாலு நாளு வுடுவாரு, கீய் கயனிக்கு நாலு நாளு வுடுவாரு. வூட்டுக்கு ஒரு எடம்னு குடுத்தீங்க. பொண்ணு ரெண்டு கீது. ஒண்ணுக்கே எல்லாத்தியும் வுட்டா இன்னொண்ணு காஞ்சி பூடாதா? ஒரு வாரம் பெரிசு போவும், ஒரு வாரம் சின்னது போவும். வூட்ல கீறது ஆட்டப் பாத்துக்கும், தோ இந்தக் கொயந்தையப் பாத்துக்கும்."

"பேர் வசந்தான்னுதானே எழுதியிருக்கு?"

"பேருல இன்னா கீது? கேட்டா வசந்தான்னு சொல்லுடின்னு சொல்லித்தான் அனுப்பறேன். வசந்தா எடத்துக்குத்தான போறா, இது பொய்யா?"

அந்த நேரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பத்து வயது இருக்கலாம். புருவத்தில் தழும்பு இல்லை. சின்னவள், மல்லிகா. கையில் இருந்த குச்சியால் என் செருப்புக்குப் பக்கத்து மண்ணில் ஏதோ கீறிக்கொண்டே நின்றாள். கீழே பார்த்தேன். நாரை.

பள்ளிக்கூடத்தில் தேவகி டீச்சரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "எனக்கு மொத வருஷமே தெரியும் சரோஜா. மத்த வூட்டுலேந்து ஒண்ணு வரவே நாம தலகீழா நிக்கறோம். இந்த வூட்டுலேந்து ரெண்டு வருது. வேணாம்னா சொல்லுவாங்க? இது போய் அதுக்கு சொல்லிக் குடுத்துடுது. திங்கக்கெழம வர்றவ, நான் எங்க நிறுத்தினேன்னு கரெக்டா அங்கேந்து ஆரம்பிக்கறா. மத்ததுங்க தெனம் வந்துட்டே முழிக்குது."

ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். லிண்டாவின் கடிதத்துக்குப் பதில் போக வேண்டிய நாள் நெருங்கியது. சார் பதிவேட்டைப் பார்த்து, "இதுக்கு ஏன் இன்னும் பதில் எழுதல?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன்.

சார் மூன்று படங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். அடிக்கோலை எடுத்து, துணியின் மடிப்பிலிருந்து தலைவரை ஒவ்வொன்றிலும் அளந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"ரூல் என்னம்மா?"

"ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை சார். பதிவான குழந்தை மட்டும்."

"அந்தப் பசங்க குளிர்ல நடந்து அனுப்பறாங்க. வேற குழந்தைய நிக்க வெச்சி ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சா, போறது இந்த ஒரு குழந்தை மட்டும் இல்ல. ஒரு ஸ்கூல் இன்னொரு ஸ்கூல்ட்ட சொல்லும். நாப்பத்தி ரெண்டும் போயிடும்." பிறகு, அதுவரை அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். என்னிடம் கேட்டார். "நீங்க என்ன நெனைக்கறீங்க, சரோஜா?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அது மனதில் உருவாகிவிட்டது. இரண்டு பேர் என்று அந்தப் பிள்ளைகளுக்கே எழுதிக் கேட்டுப் பார்க்கலாமே சார். இவ்வளவுதான். ஆனால் பெரியவர்கள் கேட்டால் யோசனை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லி அது தப்பாகப் போய், நாற்பத்திரண்டு பிள்ளைகளின் சாப்பாடு நின்றால் யார் ஜவாப் சொல்வது? முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "நீங்க சொல்றபடி செய்யறேன் சார்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். இப்போது நினைக்கும்போது, அவரும் அந்தப் பதிலைத்தான் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாரோ என்று தோன்றுகிறது. பிறகு, "பதிவான குழந்தை மட்டும் வரட்டும். சின்னதை அனுப்ப வேண்டாம்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அந்தக் கனடாப் பொண்ணுக்கு ஏதாவது எழுதிடுங்க" என்றார். வசந்தா எழுதுவது போல நான் எழுதினேன். அந்த வருஷம் பவுடர் அதிகமாகப் போட்டதில் தழும்பு மறைந்துவிட்டது, நாங்கள் எல்லோரும் நலம்.

நான் சொல்லப் போன வாரம் மல்லிகாவின் முறை. டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வசந்தா" என்றதும், "உள்ளேன் டீச்சர்" என்று அவள் எழுந்து நின்றாள். அக்காவின் பாவாடை அவளுக்கு நீளம். இடுப்பில் மடித்துச் சொருகியிருந்தாள். வெளியே கூப்பிட்டு, இனி அக்கா மட்டும்தான் வர வேண்டும் என்று சொன்னேன். காரணம் கேட்பாள் என்று நினைத்து ஒன்றைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் காரணம் கேட்கவில்லை.

"அப்போ என் முறை எப்போ வரும்?"

"சொல்லி அனுப்பறேன்" என்றேன்.

உள்ளே போய் சிலேட்டையும் பையையும் எடுத்து வந்தாள். சிலேட்டை என்னிடம் நீட்டினாள். "இது வசந்தாவோடதுக்கா" என்றாள்.

சின்னப்பொண்ணு என்னைத் திட்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். "பெரிசு தெனம் போனா ஆட்டுக்கு யாரு? சின்னது தெனம் வூட்லயே கெடந்தா அதுவும் மொணமொணன்னு அய்துகினே கெடக்கும். எங்க அக்கா ஊர்ல தாயாருன்னு ஒரு பொம்பள கீது, அது மெட்ராசுல வூட்டு வேலைக்குப் பொண்ணுங்கள சேத்து வுடுது. அங்க அனுப்பிச்சா சோறாச்சும் துண்ணும்." பேச்சுவாக்கில் சொல்வது போலத்தான் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

பெரியவள் மூன்று வாரம் தவறாமல் வந்தாள். நாலாவது வாரம் இரண்டு நாள் வந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள், நாற்று நடவு என்றார்கள். அவள் வராத நாட்களில் என்ன பாடம் நடந்தது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. வந்தாலும் விழித்தாள். பிறகு வயதுக்கு வந்துவிட்டாள், அத்தோடு நின்றது. இதையெல்லாம் தேவகி டீச்சர் சொல்ல, நான் வருகைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதுதான் என் வேலை என்பது போல. சின்னவளைப் பற்றி டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பவுடர் கதையை லிண்டா நம்பவில்லை.

அடுத்த கடிதம் கனமான கவரில் வந்தது. வகுப்பே கையெழுத்துப் போட்டிருந்தது. "உன் நாரைகள் எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தோம். நாரை வரைகிறவள் எழுத்தைச் சாய்த்து எழுதுகிறாள். பூ வரைகிறவள் நேராக எழுதுகிறாள். நீங்கள் இரண்டு பேரா? எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே சைக்கிள்தான். நாங்களும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், அதனால் எங்களுக்குப் புரியும். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டோம். இந்த வருஷம் இரண்டு மடங்கு தூரம் நடந்தோம். என் காலில் கொப்புளம் வந்துவிட்டது. இன்னொருத்தியின் பெயரை எழுது. அவளுக்கும் ஒரு அட்டை போடச் சொல்."

நான் படிக்கப் படிக்க சபாபதி சார் அசையாமல் கேட்டார். முடிந்ததும் புது அட்டை ஒன்றை எடுத்தார். மைக்கூட்டைத் திறந்து, அவரே அவர் கையால் "மல்லிகா, த/பெ ஏழுமலை" என்று எழுதினார். ரூல் பற்றிப் பேசவில்லை. "இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்கம்மா. படம் பிடிக்க ஆளை நான் அனுப்பறேன். போங்க, போங்க" என்றார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வரப்பு வழியாக ஓடினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் முறை வந்துவிட்டது.

வாசலில் வசந்தா உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் கைக்குழந்தை. தாவணி போட்டிருந்தாள்.

"மல்லிகா எங்கம்மா?"

"அது பூட்ச்சிக்கா. மெட்ராசுக்கு. ரெண்டு மாசமாவுது."

மறுநாள் காலையில் ஏழுமலை என்னோடு மெட்ராஸ் வந்தார். அவருக்கு நகரம் புதிது. தாயாரு சின்னப்பொண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருந்த அடையாளம் மாம்பலம், ரயில் கேட் பக்கம், பச்சைக் கதவு போட்ட வீடு. அங்கே பச்சைக் கதவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் கேட்டேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு வெட்கம் வரவில்லை. பதினோராவதோ பன்னிரண்டாவதோ வீட்டில் ஓர் அம்மாள், "அந்தக் குட்டியா? இருபது நாள் இருந்தது. துலக்கற பாத்திரத்துக் கரியால சுவரெல்லாம் கோடு கிழிச்சு வெச்சது. வேணாம்னு கொண்டுவந்து விட்டவகிட்டயே திருப்பி அனுப்பிட்டோம்" என்றாள். பின்கட்டுச் சுவரைக் காட்டினாள். சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள்.

தாயாருவைத் தேடிப் பிடித்தோம். அவள் எங்களையே அதட்டினாள். "நான் இன்னா முயிங்கியாப் பூட்டேன்? வேற எடத்துல சேத்து வுட்டேன். நல்ல வூடு. அவுங்களுக்கு வடக்க எங்கியோ மாத்தலாயிப் போச்சி, கொயந்தயப் பாத்துக்க இட்டுகினு பூட்டாங்க. லெட்டரு போடறேன்னு சொல்லிகீறாங்க."

"எந்த ஊரும்மா?"

"இந்திக்காரன் ஊரு. பேரு வாயில நொயயல."

அந்த வீட்டுக்கும் போனோம். புதிதாகக் குடி வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பிராது எழுதிக் கொடுத்தோம். பெண்ணின் படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருந்த படத்தில் வசந்தாவின் எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு மல்லிகா நின்றாள். "பேர் என்ன?" என்றார் எழுதுகிறவர். மல்லிகா என்றேன். படத்தின் பின்னால் வசந்தா என்று எழுதியிருந்தது, என் கையெழுத்தில். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க யாரைத் தேடறீங்கன்னு முடிவு பண்ணிக்கினு வாங்க" என்றார். பேசிப் புரிய வைத்தேன். எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

சபாபதி சார் கனடாவுக்குத் தாமே எழுதினார். என்னை ஆங்கிலம் சரிபார்க்கச் சொல்வது போல் ஒரு முறை படிக்கக் கொடுத்தார். நடந்ததெல்லாம் இருந்தது. தவறு முழுவதும் நிலையப் பொறுப்பாளனாகிய என்னுடையது என்று எழுதியிருந்தார். அதில் என் பெயர் இல்லை. அதைப் படித்துவிட்டு, இல்லை சார், நீங்கள் என்னைக் கேட்டீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஸ்பெல்லிங் எல்லாம் சரியா இருக்கா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன்.

அங்கிருந்து கோபமாகப் பதில் வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பேன். மல்லிகா கிடைக்கும்வரை அவள் பங்கை எடுத்து வைத்திருப்பதாக எழுதினார்கள். மூன்று வருஷம், பனிக்கு முன்னால் அவளுக்காக நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் வந்தது. வந்த தேதி எழுதி, குண்டூசி குத்தி, படம் ஒட்டாத அந்த அட்டைக்குள் வைத்தேன். பிறகு அந்தப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போய் வேறு பள்ளிகளில் சேர்ந்துவிட்டார்கள். சார் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டார், இரண்டாம் வருஷம் இறந்துபோனார். அட்டைகளை முடித்து மெட்ராஸ் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். காரணம் என்ற கட்டத்தில், குடும்பம் இடம் பெயர்ந்தது என்று எழுதினேன். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அதே ஏரிக்குக் கீழேதான் இருக்கிறது.

மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் ஏழுமலை எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். செங்கற்பட்டு தாண்டித்தான் வாயைத் திறந்தார்.

"உனுக்குத்தாம்மா பேஜாரு. சோறு தண்ணி இல்லாம அலஞ்சிகீற."

நான் தலையை ஆட்டினேன்.

"தப்பு எங்க பேர்லதான். நீங்க ஒரு பொண்ணுக்குன்னு சொல்லிக் குடுத்தத நாங்க ரெண்டாப் பிரிச்சிட்டோம். முன்னாடியே உங்களாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டுகினு செஞ்சிருக்கணும். படிக்காத ஜனங்க, கேக்கத் தெரியல. மனசுல வெச்சிக்காதம்மா."

அதற்குப் பிறகும் அவர் மாதம் ஒரு முறை நிலையத்துக்கு வருவார். ரவை வாங்க அல்ல, அது நின்றுவிட்டது. வாசற்படிக்கு வெளியே நின்று, லெட்டர் ஏதாவது வந்ததா என்று கேட்பார். இல்லை என்பேன். வரேம்மா என்று போய்விடுவார். நான் வேலையை விட்டு வந்த மாதம்கூட வந்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம்தான் இருந்தது. உங்கள் பெண்ணை என்ன செய்யலாம் என்று என்னை ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை. அவர் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்து, மேஜையைத் தொட்டுக்கொண்டு எழுந்து நிற்பேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, "நீ குந்தும்மா, குந்து" என்பார்.

இங்கே எழுதிவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.